எழுத்துக்கு எழுத்து

எல்லார் காதிலும் சிட்டு வந்த பிறகு, கோயம்புத்தூரில் வேறு வேறு பாஷைக்காரர்கள் சண்டை போடுவது ஏறக்குறைய நின்றே போயிற்று. ஒரே பாஷைக்காரர்கள்தான் போட்டார்கள்.

செவிச்சிட்டு என்பது அதன் முழுப்பெயர். கடலைப்பருப்பு அளவுதான் இருக்கும். காதில் செருகிக்கொண்டால், எதிரே நிற்பவர் எந்தப் பாஷையில் பேசினாலும் அவர் குரலிலேயே, நம் ஊர்ப் பேச்சாக மாறிக் கேட்கும். மாற்றுகிற போக்கில் முள்ளையும் எடுத்துவிடும். ஒடிசாவிலிருந்து வந்த கொத்தனார் மேஸ்திரியின் ஏழு தலைமுறையைத் திட்டினால், மேஸ்திரியின் காதில் "கொஞ்சம் பாத்துச் செய்யலாமுங்ண்ணா" என்று வந்து விழும். கட்டடங்கள் மளமளவென்று எழுந்தன. ஆனால் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் பாஷை ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டால் சிட்டு வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிடும். அங்கே முள் முள்ளாகவே போய்ச் சேரும். குடும்பநல நீதிமன்றத்தின் நீளமான பெஞ்சுகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜோடிகள் பெரும்பாலும் ஒரே தாய்மொழிக்காரர்கள்.

இரண்டு பேருக்கும் பாஷை ஒன்றா, வேறா என்று சிட்டுக்குச் சொல்லித் தருவதுதான் மிருதுளாவின் வேலை. இதற்கெல்லாம் ஒரு வேலையா என்று அவளுடைய அப்பா குழந்தைவேல் பல தடவை கேட்டிருக்கிறார். அவர் வெட் கிரைண்டர் செய்து விற்கிறவர். ஓடுகிற கல்லைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு வேலை வேலையாகத் தெரியும்.

"ஒவ்வொரு சிட்டுக்குள்ளயும் ஒரு மொழி அடையாளம் எழுதியிருக்குமுங்கப்பா," என்று அவளும் சளைக்காமல் விளக்குவாள். "டி-ஏன்னா தமிழ். பக்கத்துல ஐ-என் போட்டா இந்தியா, எல்-கே போட்டா இலங்கை. ரெண்டு சிட்டு பாத்துக்கிட்டா மொதல்ல அடையாளத்தத்தான் ஒப்பிட்டுப் பாக்கும். தமிழும் தமிழும்னா ஊர் எதுவா இருந்தாலும் ஒதுங்கிக்கோன்னு நான் எழுதி வெச்சிருக்கேன்."

"அதான் தெரிஞ்சதாச்சே. தமிழும் தமிழும் ஒண்ணுதான?"

அது அத்தனை சுலபமில்லை. அடையாளத்தை ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். ஒருவர் நடுவில் கோடு போடுவார், இன்னொருவர் கோட்டை அடியில் போடுவார். எழுத்து வடிவத்தின் பெயரை நடுவில் நுழைப்பவர்கள் உண்டு. இரண்டெழுத்துப் போதாமல் மூன்றெழுத்துப் போடும் பழைய ஆட்களும் உண்டு. ரேஷன் கார்டில் கு. மிருதுளா, பாஸ்போர்ட்டில் மிருதுளா குழந்தைவேல் என்று இருப்பதால் அவள் இரண்டு பெண்ணாகிவிடுவாளா? புதிதாகச் சேர்கிறவர்களிடம் அவள் முதல் நாளே சொல்லிவிடுவாள்: எழுத்தை ஒப்பிடாதீர்கள், எழுத்து யாரைக் காட்டுகிறதோ அவரை ஒப்பிடுங்கள். இதைச் சொல்லிச் சொல்லியே அலுவலகத்தில் அவளுக்கு நல்ல பெயர். அதை நம்பித்தான் பின்னால் நடந்ததெல்லாம் நடந்தது.

தர்சன் அதே அலுவலகத்தில் வேலை பார்த்தான். யாழ்ப்பாணம் கொக்குவில்காரன். இருவருக்கும் நடுவில் சிட்டு ஒதுங்கிக்கொண்டதால் ஆரம்பத்தில் ஒரு வாக்கியம்கூட ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அவன் "ஆறுதலா வாரும்" என்றபோது, தனக்கு என்ன துக்கம் நேர்ந்துவிட்டதென்று ஆறுதல் சொல்கிறான் என அவள் திகைத்தாள். மெதுவாக வா என்பதுதான் அவன் சொன்னது. அவள் "ரவுசு பண்ணாதீங்க" என்றபோது அவன் போய் அகராதியைப் புரட்டினான். கேட்டு, தப்பாகக் கேட்டு, சிரித்து, மறுபடி கேட்டு, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இருவரும் கல்யாணம் வரை வந்துவிட்டார்கள்.

அந்தக் கல்யாணம் ஒரு வினைச்சொல்லில் தடுக்கி விழுந்தது.

முதல் தடவையாக இரண்டு அப்பாக்களும் தொலைபேசியில் பேசினார்கள். தர்சனின் அப்பா தெய்வேந்திரம் ஓய்வு பெற்ற தபாலதிபர். மனதில் ஒரு கல்மிஷமும் இல்லாத மனிதர். எடுத்த எடுப்பில் "உங்கட பெட்டை நல்ல கெட்டிக்காரி" என்று மகிழ்ந்தார். அவர் ஊரில் பெட்டை என்றால் பெண்பிள்ளை. குழந்தைவேலின் ஊரில் அது கோழிக்கும் நாய்க்கும் சொல்வது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கல்யாணம் குலதெய்வக் கோயிலில்தான் நடக்கவேண்டும், ஏனென்றால் இன்னின்ன காரணம் என்று நீளமாகச் சொல்லி முடித்தார். தெய்வேந்திரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா விளங்குது" என்றார்.

நன்றாகப் புரிகிறது என்று பொருள். குழந்தைவேல் போனை வைத்துவிட்டார்.

"எம்பொண்ணு கல்யாணம் நல்லா வெளங்குமாம். நாக்குல சனியை வெச்சுக்கிட்டுப் பேசறான் அந்த ஆளு," என்று வீடு அதிரக் கத்தினார். மிருதுளா விளக்கிப் பார்த்தாள். விளக்குவது என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா ருக்குமணியிடம் நியாயம் கேட்டார். அவள் வழக்கம்போல "நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டில் அம்மா பேசியதை வடிகட்டினால் 'சரிங்க', 'ஆகட்டுங்க', 'ஒண்ணுமில்லீங்க' என்ற மூன்றுதான் தேறும்.

கடைசியில், மாப்பிள்ளை வீட்டார் எப்படியும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து போகட்டும் என்று அப்பா இறங்கி வந்தார். ஆனால் இன்னொரு தடவை அப்படி ஒரு சொல் அவர்கள் வாயில் வந்தால் பேச்சு அன்றோடு முடிந்தது என்றும் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனிதர்.

வெள்ளிக்கிழமை தலையில் எண்ணெயைத் தேய்த்து ஊறவைத்துக்கொண்டு மிருதுளா யோசித்தாள். ஊரில் கன்னடக்காரரும் மலையாளியும் சம்பந்தம் செய்து தேனும் பாலுமாக இருக்கிறார்கள். நடுவில் சிட்டு இருக்கிறது. அப்பாவுக்கும் தெய்வேந்திரம் மாமாவுக்கும் நடுவில் அது இல்லை, ஏனென்றால் தமிழும் தமிழும் ஒன்று என்று எழுதி வைத்தவள் இவளேதான். இரண்டு வீட்டுச் சிட்டுகளில் மட்டும், ஒரே ஒரு நாளைக்கு, அது வேறு இது வேறு என்று மாற்றி எழுதினால் என்ன? நினைத்தவுடனே அவளுக்கு உடம்பெல்லாம் துள்ளியது. மடிக்கணினியை எடுத்து வைத்துக்கொண்டாள். ஊர் ஊராகப் பிரித்து ஒழுங்காக எழுத நேரமாகும். நெற்றியில் எண்ணெய் வழிந்து கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே ஒரே வரியில் முடித்தாள்: இரண்டு அடையாளமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் ஒதுங்கு, இல்லாவிட்டால் மொழிபெயர்.

புதியவர்களுக்கு எதைச் செய்யாதே என்று முதல் நாளே சொல்லித்தருவாளோ அதையே செய்துவிட்டுப் போய்ச் சீயக்காய் தேய்த்துக் குளித்தாள். இரண்டு வீட்டார், சொந்தக்காரர் எல்லார் சிட்டுக்கும் சம்மதம் கேட்டுச் செய்தி போயிற்று. அனுப்பியது மிருதுளாதானே என்று எல்லாரும் படிக்காமலே சம்மதம் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பத்து நிமிடம் சொர்க்கம்.

தெய்வேந்திரம் வாசலிலேயே வாயெல்லாம் பல்லாக "பெட்டை நல்ல வடிவு" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தே, அவர் காதில் "அம்மிணி நல்ல லட்சணமுங்க" என்று விழுந்திருக்கிறது என மிருதுளாவுக்குத் தெரிந்துவிட்டது. குலதெய்வக் கோயில் பேச்சு வந்தது. தெய்வேந்திரம் "விளங்குது, விளங்குது" என்று தலையாட்டினார். அப்பா திரும்பி மகளைப் பார்த்து, மனுசன் தங்கமான மனுசன் என்று கண்ணாலேயே சொன்னார். மிருதுளாவுக்குக் கூடத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடவேண்டும்போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தாயம்மாள் அத்தை வந்து சேர்ந்தாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவள் காதில் இருந்தது மகன் சிங்கப்பூரில் வாங்கி அனுப்பிய சிட்டு. அதில் தமிழுக்குப் பக்கத்தில் சிங்கப்பூரின் எழுத்து இருந்தது. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் அக்காவுக்கும் தம்பிக்கும் பாஷை வேறு. மிருதுளா அதை யோசிக்கவே இல்லை.

அத்தை நுழைந்ததும் நுழையாததுமாக, "ஏன்டா கொழந்த, மொகம் வாடிக் கெடக்குது, வயித்துக்கு ஏதாச்சும் போட்டயா இல்லியா?" என்றாள். அப்பாவின் சிட்டு அதில் இருந்த முள்ளையெல்லாம் எடுத்து, விருந்தாளிக்குரிய மரியாதையுடன், "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" என்று கொடுத்தது. அக்கா வாயிலிருந்து 'ங்க'. அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பங்காளிச் சண்டையில் பேச்சு வார்த்தை முறிந்தவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

"அக்கா, எம்மேல ஏதாவது கோவமா? மொதல்ல வந்து உக்காரு," என்றார்.

அத்தையின் சிட்டு அதைச் சிங்கப்பூர் ரயில் நிலையத்து அறிவிப்புத் தமிழுக்குக் கொண்டுபோயிற்று. "தயவுசெய்து இருக்கையில் அமரவும்" என்று தம்பி சொன்னதாக அவள் கேட்டாள். சம்பந்தி வீட்டார் முன்னால் தன்னை யாரோ எவரோபோல நடத்துகிறான் என்று அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுபக்கமும் ஒன்றும் சரியில்லை. தெய்வேந்திரத்தின் சிட்டில் எழுத்து வடிவத்தின் பெயரும் சேர்ந்திருந்தது. தர்சனுடையதில் இல்லை. அப்பனும் மகனும் அயலார் ஆனார்கள். தர்சனின் அம்மா இராசமலரின் சிட்டோ பழசு. மூன்றெழுத்து, ஊர்ப் பெயரே கிடையாது. ஊர் தெரியாததால் அது எல்லாரையும் செய்தி வாசிப்பவர்களாக மாற்றிவிட்டது. அதில் சந்தோஷப்பட்டவள் இராசமலர் ஒருத்திதான். கலியாணம் கட்டின நாள் தொட்டு இந்த மனுசன் ஒரு வசனத்தை முழுசாக முடித்துக் கதைக்கிறதை இன்றைக்குத்தான் கேட்கிறாளாம்.

மிருதுளாவின் சிட்டில் கோடு அடியில் இருந்தது, அலுவலக வழக்கம் அப்படி. ஆகவே அவளுக்கு அந்தக் கூடத்தில் எல்லாருமே வேற்றுமொழிக்காரர்கள். தர்சன் அவள் பக்கம் குனிந்து ஏதோ சொன்னான். "ஏனுங்க அம்மிணி, நெலமை அத்தனை நல்லா இல்லீங்களாட்ட இருக்குதுங்க" என்று கேட்டது. குரல் அவனுடையதுதான். ஆனால் அவன் சொல்லும் 'எண்டு' இல்லை, 'என்னப்பா' இல்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தர்சனை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதுபோல ஒரு பயமும் வந்தது. அப்போதுதான், தான் எழுதிய அந்த ஒரு வரி என்ன என்பது எண்ணெய் இல்லாத தலைக்கு உறைத்தது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அத்தை கேவிக் கேவி அழுதாள். தம்பிக்கு என்னமோ மந்திரம் வைத்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சொன்னாள். இரண்டு சிட்டுகள் அதை அழகாக மாற்றியதில், அவள் வாழ்த்துகிறாள் என்று எண்ணித் தெய்வேந்திரமும் இராசமலரும் எழுந்து கைகூப்பினார்கள். அழுகிற அக்காவைப் பார்த்து நன்றாகச் சிரித்துக் கைகூப்புகிறார்களே என்று அப்பாவுக்கு ரத்தம் கொதித்தது.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "போதுமுங்க. இந்தப் பேச்சு இத்தோட நிக்கட்டும்," என்றார்.

துண்டை உதறிவிட்டால் முடிந்தது.

காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா அப்போது பேசினாள். மிருதுளாவின் காதில் விழுந்தது இதுதான்: "கொஞ்சம் உக்காருங்க. எனக்கும் அந்தப் பையனப் புடிச்சிருக்குதுங்க. பேசி முடிச்சிரலாமுங்க."

அம்மாவா? சிட்டுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் மிருதுளா நினைத்தாள். ஆனால் அப்பாவைப் பார்த்தால், அவர் அதைவிடப் பெரிதாக எதையோ கேட்டவர்போல வெளிறிப்போயிருந்தார். தோளில் போட்ட துண்டு நழுவியது. அவர் உட்கார்ந்தார்.

"என்ன சொன்ன ருக்கு?" என்றார்.

"காபி ஆறுதுன்னு சொன்னனுங்க," என்றாள் அம்மா.

அந்த இடைவெளியில் மிருதுளா கூடத்தின் நடுவில் போய் நின்று, எல்லாரையும் சிட்டைக் கழற்றச் சொல்லி ஜாடை காட்டி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். எண்ணெய்க் குளியல் உட்பட. பிறகு அத்தை தம்பியைப் பார்த்து, "ஏன்டா கொழந்த" என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்த 'டா'வைக் கேட்டதும் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பு மற்றவர்களைப் பிடித்துக்கொண்டது. தெய்வேந்திரம் இருமும்வரை சிரித்தார்.

"விளங்குது எண்டா உங்கட ஊரில அப்பிடி ஒரு கருத்தோ?" என்று அவர் கேட்டார். "ஐயோ, நான் விளங்கிக்கொண்டன் எண்டெல்லோ சொன்னனான். பிள்ளையள் ரெண்டும் எப்பிடித்தான் கதைச்சுக் கலியாணம் மட்டும் வந்தவை?"

"தப்புத் தப்பாத்தான் மாமா," என்றாள் மிருதுளா. காபி உண்மையிலேயே ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்தபடியே அப்பா தை மாதத்தில் நாள் பார்க்கலாம் என்றார். ஏன் மனம் மாறினார் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மிருதுளா எல்லார் சிட்டையும் பழைய விதிக்கு மாற்ற உட்கார்ந்தபோது அப்பா வந்து பக்கத்தில் நின்றார். கடையிலிருந்து வந்த கையோடு செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மிணி, ஒண்ணு கேக்கோணும். அந்தச் சிட்டு, வாயில வர்ற சொல்லத்தான் மாத்துமா, இல்ல மனசுல இருக்கறத எடுத்துச் சொல்லுமா?"

சொல்லை மட்டும் பார்க்காது, தொனியையும் பார்க்கும், சொல்ல வந்தது என்னவோ அதைச் சொல்லும் என்று அவள் சொன்னாள். அப்பா தலையாட்டினார். பிறகு, யாரோ ஒட்டுக்கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நேற்றுத் தன் காதில் விழுந்ததைச் சொன்னார்.

"'உக்காருங்க மொதல்ல'ன்னா. 'கிரைண்டருக்குக் கல்லு வாங்கறதுன்னாக்கூட நாலு பேரக் கேக்கறீங்க. எம்புள்ள கல்யாணத்துக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் சரிங்க சரிங்கன்னு சொன்னதெல்லாம் சரின்னு நெனச்சிட்டீங்களா? எனக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்குது. நீங்க எந்திரிச்சுப் போனீங்கன்னா நானும் எந்திரிச்சுப் போயிருவேன்'னு சொன்னா. காபி ஆறுதுங்கறதுக்குள்ள இத்தன இருந்திருக்குது. எனக்குத் தெரியவே இல்லயே." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாருதயும் சரி பண்ணிரு. உங்கம்மாளுக்கும் எனக்கும் நடுவால மட்டும் அத அப்படியே உட்டுரு. நான் கேட்டன்னு அவகிட்டச் சொல்லாத."

அவர் போன பிறகு மிருதுளா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சிட்டு முள்ளை எடுக்கும். ஒருநாளும் முள்ளை வைக்காது. அவள் காதுக்கு வந்ததுதான் சிட்டு முள்ளை எடுத்துவிட்டுக் கொடுத்தது. அப்பாவின் காதுக்கு வந்ததில் ஒரு முள்கூட உதிர்ந்திருக்கவில்லை. அவள் அப்பாவின் அடையாளத்தையும் அம்மாவின் அடையாளத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஆடித் தள்ளுபடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அப்பா பெருமையடித்துக்கொண்டு வாங்கி வந்த ஜோடி. டி-ஏ, கோடு, ஐ-என். டி-ஏ, கோடு, ஐ-என். எழுத்துக்கு எழுத்து ஒன்று. அந்தக் கூடத்தில் அத்தனை பேரிலும் சிட்டு ஒதுங்கி நின்றது இந்த இரண்டு பேருக்கு நடுவில் மட்டும்தான்.

சமையலறையில் அம்மா தோசைக்கு மாவு வழித்துக்கொண்டிருந்தாள். மிருதுளா கதவில் சாய்ந்து நின்று, "அம்மா, உங்க சிட்டும் அப்பா சிட்டும் ஒண்ணு. அது மொழிபெயர்க்கவே இல்ல," என்றாள்.

அம்மா கையை நிறுத்தவில்லை. "உங்கத்தை அழுகறப்பவே நீ என்னமோ கோளாறு பண்ணியிருக்கறயின்னு தெரிஞ்சுபோச்சு கண்ணு. யாரு என்ன பேசுனாலும் பழி மெஷின் மேல போகுது. சரி, நானும் ஒண்ணு பேசிக்கலாமுன்னு பேசிட்டேன்." அவள் விரலில் இருந்த மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள். "உங்கப்பாகிட்டச் சொல்லிட்டயா?"

"இல்ல."

"சொல்லாத," என்றாள் அம்மா. அவள் முகத்தில் சின்னப் பெண்ணைப்போல ஒரு திருட்டுச் சிரிப்பு வந்தது. மிருதுளா போய் அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். மாவெல்லாம் கொட்டிவிடும் என்று அம்மா அதட்டினாள்.

கூடத்தில் அப்பா காத்திருந்தார். "அப்படியே உட்டுட்டயா?" என்று கேட்டார்.

"அப்படியே உட்டுட்டேனுங்கப்பா. ஒரு எழுத்துக்கூட மாத்தல," என்றாள் மிருதுளா. அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சிட்டை எடுத்து வேட்டி நுனியில் துடைத்துக் காதில் நன்றாக அழுத்திச் செருகிக்கொண்டார். பிறகு சமையலறைப் பக்கம் போய்த் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கல்யாணத்தைக் குலதெய்வக் கோயிலில் வைப்பதா, அவர்கள் வசதியையும் பார்த்து மண்டபத்தில் வைப்பதா, நீ என்ன சொல்ற ருக்கு என்று கேட்டார். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பி நின்று, தான் நினைப்பதைச் சொல்ல ஆரம்பித்தாள்.